அதில் உன் யோசனை எவ்வளவு?

எனக்குக் கைப்பேசி மணி அடித்தாலே வயிறு கலங்கும். காலையில் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்றும், மத்தியானம் அடித்தால் என் மனைவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்வேன். பெரும்பாலும் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று சொல்லும் பதிவுக் குரலாகத்தான் இருக்கும். அன்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அடித்தது. வாயில் நுரையோடு எடுத்தேன். பேசியது ராஜவேலு, பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருப்பவன்.

"சேகரு, ஏழுமல அண்ணன் போய்ட்டாருபா."

"எங்க போய்ட்டாரு?" என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்கச் சாவுச் செய்தியை எதிர்பார்த்தே போனை எடுத்தவனுக்கு, அது உண்மையிலேயே வந்த அன்று புரியவில்லை.

"செத்துட்டாருபா. உப்புப் பாத்தியிலயே. மோட்டார் ஓடிக்கினே இருக்குதேன்னு ஆளுங்க போய்ப் பாத்தா, வரப்பு மேல சாஞ்சி உக்காந்த மேனிக்கு இருக்காரு. நெஞ்சு வலின்றாங்க." அவன் குரல் உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். "பாரு, ஆம்பளையாப் பொறந்தா இதான் கதி. ஒழைச்சி ஒழைச்சி நாதியில்லாம சாவணும். இத சும்மா வுடக்கூடாது."

யாரைச் சும்மா விடக்கூடாது என்று நான் கேட்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னோடேயே வந்தது. துக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பயமும் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பயம் எதைப் பற்றியது என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏழுமலை அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் என் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி அவருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே வரப்புதான். வயதில் எனக்குச் சில வருடம் மூத்தவர், பேச்சில் சமவயதுக்காரர். படத்திறப்பன்று என் கையில் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "அண்ணன் நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் நல்லவர்தான், ஆனால் அது அவரைப் பற்றிய முக்கியமான செய்தி இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடை மழையைச் சொல்ல வேண்டும். உப்பு நன்றாகப் பூத்து, பாத்தி முழுக்க வெள்ளை ஏறியிருந்த சமயம். இன்னும் சில நாள் வெயில் காய்ந்தால் கல்லு கல்லாகத் திரண்டுவிடும். அப்போது எல்லாருடைய போனிலும் ஒரு செய்தி சுற்றியது, பெருமழை வருகிறது என்று. அதற்கு முன்னாலும் இப்படி வந்து, எல்லாரும் அரக்கப் பரக்க உப்பை வாரி, கடைசியில் ஒரு தூறல்கூட விழாமல் போனதுண்டு. முற்றாத உப்பை வாரினால் சேறும் ஈரமுமாக வரும், வியாபாரி முகத்தைச் சுளிப்பான். ஆனாலும் அளமே திமுதிமுவென்று இறங்கி வாரியது. பக்கத்துப் பாத்திக்காரன் வாரினால் நமக்குக் கை சும்மா இருக்காது. நானும் வாரினேன். எதற்கு வாரினேன் என்று கேட்டால், எல்லாரும் வாரினார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் மட்டும் வாரவில்லை. வானத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், "ரெண்டு நாள் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாங்கவில்லை. அன்று சாயங்காலமே பெய்தது. அவருடைய உப்பு மொத்தமும் கரைந்து, மறுநாள் காலையில் பாத்தி வெறும் குளமாகக் கிடந்தது.

பக்கத்து ஊர் அனுமந்தை வரைக்கும் செய்தி போய், ஆட்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்தார்கள். ராஜவேலு அப்போதே பேச ஆரம்பித்துவிட்டான். "வானிலைக்காரன் ஒழுங்கா சொல்றதில்ல, நம்மள மாதிரி ஆளுங்கள யாரும் கண்டுக்கறதில்ல, நம்ம தலையெழுத்துபா." கூட்டம் மண்டையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று மடையை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மழ என்னைத் தேடிக்கினு வந்து பெய்யலபா. ஊருக்கேதான் பெஞ்சுது. வர்றதா போன்லயும் சொன்னாங்க. நான் வாரல. நான்தான் யோசிச்சேன், தப்பா யோசிச்சேன். இதுல தலையெழுத்து எங்க வந்துது?"

ராஜவேலுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவனுக்கு ஆறுதலை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கஷ்டம்தான். எனக்கோ அன்றைக்கு அண்ணன் மேல் எரிச்சலாக இருந்தது. அழுதுவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்த வீம்பு என்று நினைத்தேன்.

வீம்பு இல்லை என்பது பிறகு புரிந்தது. அளத்துக்குப் போகும் மண்பாதை அரித்துப்போய் லாரி இறங்க முடியாமல் கிடந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் மாதக்கணக்கில் புலம்பினோம். அண்ணனும், அளத்தில் கூலிக்கு வாரும் பெண்கள் சிலரும் அரசு அலுவலகத்துக்குப் போய், அதிகாரி வெளியே வரும்வரை நின்று, எந்த இடத்தில் எவ்வளவு பள்ளம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சொன்னதோடு விடவில்லை, திரும்பத் திரும்பப் போனார்கள். கடைசியில் செம்மண் கொட்டினார்கள். "நீங்கதான் எதுக்கும் யாரையும் கொற சொல்ல மாட்டீங்களே, இப்ப மட்டும் கேக்கறீங்க?" என்று நான் கிண்டலடித்தேன்.

"கேக்கறது வேற, பொலம்பறது வேற. கேக்கறதுன்னா நிமுந்து கேளு. அழுதுக்கினு கேட்டா, அவன் நீ அழுவறதத்தான் பாப்பான், ரோட்ட பாக்க மாட்டான்."

டீக்கடையைப் பற்றிச் சொன்னேன். அங்கேதான் எங்கள் குழு உருவானது. வேலை முடிந்து வரும் ஆண்கள் சாயங்காலம் கூடுவோம். ஒருத்தனுக்கு மனைவி பேசுவதில்லை, ஒருத்தனுக்கு மச்சினன் தொல்லை, ஒருத்தனுக்குப் பெண் கிடைக்கவில்லை. ராஜவேலு இதையெல்லாம் ஒன்றாகக் கட்டிப் போனில் ஒரு குழு ஆரம்பித்தான். பெயர் 'ஆண்களின் கண்ணீர்'. காலையில் எழுந்தால் அதில் ஒரு படம் இருக்கும்: சுமை தூக்கும் ஆண், மழையில் நனையும் ஆண், எல்லாருக்கும் குடை பிடித்துவிட்டுத் தான் நனையும் ஆண். நாங்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போடுவோம். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது இதமாகத்தான் இருந்தது. என் பயத்துக்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் பயந்தவன் இல்லை, பாதிக்கப்பட்டவன்.

அண்ணனும் அந்தக் கடையில்தான் டீ குடிப்பார். ஒரு நாள் ராஜவேலு, "பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ, நமக்கு இன்னா இருக்குது?" என்று கொதித்தான். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, நீ பைக்குலதானே போற? கடைசியா எப்ப பஸ்ஸுல ஏறுன?" என்று கேட்டார். கடையே சிரித்தது. ராஜவேலுவும் சிரித்தான். அவன் அப்படிப்பட்டவன்தான், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். அன்றே அண்ணனைக் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்டான். அவரைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் இல்லை என்பது அவன் கணக்கு. ஏனென்றால் அண்ணனின் மனைவி பரிமளா, மகள் கவிதாவை அழைத்துக்கொண்டு திண்டிவனம் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அண்ணன் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாக இருந்தார். சமையலும் மகா மோசம். அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பில் கருவாடு நீந்தும்.

"தலைவரா? எனக்கு கண்ணீர் வரலியேபா" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

பிறகு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது நான் நேராகவே கேட்டேன். "உண்மைய சொல்லுங்கண்ணா, தப்பு உங்க மேலயா, அவங்க மேலயா?" அவர் வரப்பு மண்ணை ஒரு கை அள்ளி உதிர்த்தார். கோபம் வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"அவளால இங்க இருக்க முடியல. என்னால அங்க போவ முடியல. எனக்கு வருத்தம் இருக்குது சேகரு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வருத்தம் வேற, வழக்கு வேற. வருத்தத்த தூக்கிக்கினு போயி ஊர்ல நெறுத்தி நியாயம் கேட்டா, அப்புறம் அது என் வருத்தமா இருக்காது. ஊரு வருத்தமா பூடும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்பார். மகளைப் பார்த்துவிட்டு வருவார். பரிமளா காபி கொடுப்பாராம். இதை ஊரில் யாரும் நம்பவில்லை. கைவிடப்பட்ட ஆண் காபி குடிக்கலாமா என்ன?

என் கதைக்கு வருகிறேன். என் மனைவி மஞ்சுளா புதுச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் பொறுப்புக்குச் சேர்ந்தாள். முதலில் தினமும் வந்து போனாள். சீசன் வந்ததும், வேலை முடிய நேரமாகிறது என்று அங்கேயே ஓர் அறையில் தங்க ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு நாள் வந்தாள். பிறகு ஒரு வாரம் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் மனைவி போனதும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்று மனம் அலைந்தது. ஒரு பலவீனமான நேரத்தில் குழுவில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. "வுடாத சேகரு", "இன்னிக்கு நீ, நாளைக்கு நாங்க" என்று வந்து குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லாரும் போய் விடுதி வாசலில் நின்று, அவளை வேலையை விட்டுக் கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணனையும் கூப்பிட்டேன். உப்பு வாரும் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"வேன் யாரு புடிச்சது?"

"ராஜவேலு."

"போலாம்னு யாரு சொன்னது?"

"எல்லாரும்தாண்ணா."

"அதுல உன் யோசன எவ்ளோ?"

யோசித்துப் பார்த்தால், பயம் மட்டும்தான் என்னுடையது. கோபம் ராஜவேலுவுடையது. மானம் போச்சு என்றது இன்னொருவன். வேலையை விடச் சொல்ல வேண்டும் என்றது எவனோ ஒருவன், அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்கண்ணா, நான் இன்னா செய்யட்டும்?" என்று கெஞ்சினேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

"நான் சொன்னா அதுவும் வேற ஒருத்தன் யோசனதானே. ராஜவேலு சொன்னத வுட்டுட்டு ஏழுமல சொன்னத எடுத்துக்கினா உனக்கு இன்னா லாபம்? உன் பொண்டாட்டி. நீ யோசி."

நடுக்கடலில் தள்ளிவிட்டதுபோல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார் என்று அவரை உள்ளுக்குள் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. விடுதியின் பின்பக்கம் மஞ்சுளா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் பயமா இருந்துது. நீ வராம போய்டுவியோன்னு."

அவள் என்னையே பார்த்தாள். "இத போன்ல சொல்லக்கூடாதா? ஏன் வரல, ஏன் வரலன்னு வெரட்டுனா நான் இன்னா நெனைப்பேன்?" என்றாள். சாப்பாடு போட்டாள். வேலையை விடமாட்டேன் என்றும் சொன்னாள். நான் விடச் சொல்லிக் கேட்கவில்லை. வேனை ரத்து செய்யச் சொன்னபோது ராஜவேலு என்னைக் கோழை என்றான். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மஞ்சுளா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள், வாரக்கடைசியில் வருகிறாள். பஸ் தாமதமானால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அண்ணனைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. சாவதற்கு முன்பு சில வாரமாகவே அவருக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கண்ணா" என்று நான் நச்சரித்தேன். "வாயுபா. நீ எல்லாத்துக்கும் பயப்படுவ" என்றார். அதுவும் அவரே யோசித்து எடுத்த முடிவுதான், மழை நாளில் எடுத்ததுபோல. அதற்காக அவர் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. இழுத்துக்கொண்டாவது போயிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. இழுத்தால் வருகிற ஆளா அவர்?

சாவுக்குப் பரிமளாவும் கவிதாவும் வந்திருந்தார்கள். கவிதா படிப்பை முடித்து மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் அதே நெற்றி. பரிமளா தலைமாட்டில் உட்கார்ந்து, "போன வாரங்கூட போன்ல சொன்னேனே, டாக்டர பாருன்னு, கேட்டியா?" என்று பிணத்தோடு சண்டை போட்டார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. ஆனால் எங்கள் குழு ஆட்கள் தள்ளி நின்றார்கள். "இப்ப வந்து அழுவறா பாரு" என்று ஒரு குரல் காதில் விழுந்தது. கவிதா காதிலும் விழுந்திருக்கும். அவள் தலையைத் திருப்பவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தையும் படத்திறப்பையும் அண்ணனின் தம்பி ஏற்பாடு செய்தார். பேனர் செலவு குழுவுடையது என்று ராஜவேலு ஏற்றுக்கொண்டான். முந்தின நாள் மத்தியானம் அதன் படம் போனில் வந்தது. நடுவில் பெரிதாக அண்ணன், சிரித்த முகம். தலைக்கு மேல் இப்படி எழுதியிருந்தது: 'ஊருக்கெல்லாம் உழைத்தாய்! உறவால் கைவிடப்பட்டாய்! ஆணாய்ப் பிறந்ததே குற்றமா? வஞ்சிக்கப்பட்டு மறைந்த எங்கள் அண்ணனே!' கீழே, வழக்கம்போல, வைத்தவர்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. முதல் வரிசையில் மூன்றாவதாக நான். என் போனில் இருக்கும் படத்தையே எடுத்துப் போட்டிருந்தான். நானும் அதைச் சொல்வதாக ஆகிவிட்டது.

நாளைக்குக் கவிதா பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் இதுதான் கண்ணில் படும். அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று, அவள் அப்பா தலைக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறது. குழுவில் அதற்குள் எல்லாரும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். ராஜவேலுவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணன் ஒரு நாளாச்சும் இப்பிடி சொல்லியிருக்காராபா?"

"சொல்ல மாட்டாருபா. அவரு வாயில்லாப் பூச்சி. அவருக்காக நாமதான் சொல்லணும்." அழுதுகொண்டுதான் சொன்னான். பொய் அழுகை இல்லை. "பிரிண்ட்டு போட்டாச்சு. உன்ன முன்னாடி வரிசையில போட்டிருக்கேன், பாத்தியா?"

ஊரிலேயே அதிகம் எதிர்க்கேள்வி கேட்ட மனிதரை வாயில்லாப் பூச்சி ஆக்கியாயிற்று. அதற்கு அவர் செத்துப்போனால் போதுமாக இருந்தது. நான் மஞ்சுளாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "அதுல இருக்கறது உங்க மூஞ்சிதானே, என்ன ஏன் கேக்கறீங்க?" என்றாள். எனக்கு வாய்த்தவர்கள் எல்லாருமே இப்படித்தான்.

காலையில் பார்த்தால் பஸ் நிற்கும் திருப்பத்திலேயே சவுக்குக் கழி நட்டுப் பேனரைக் கட்டியிருந்தார்கள். பந்தல்காரரிடம் ஏணி வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு உயரம் என்றாலும் பயம். ஏணியில் காலை வைத்துவிட்டு நின்றேன். அண்ணன் இருந்தால் அவிழ்க்கத்தான் சொல்வார் என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது: சொல்ல மாட்டார். உன் யோசனை எவ்வளவு என்றுதான் கேட்பார். அவருக்காக என்று நான் ஏறினால், அதையேதான் ராஜவேலுவும் சொல்கிறான். நான் என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு இது வேண்டாம். என் முகத்துக்கு மேல் இந்த வார்த்தை இருக்க வேண்டாம். அந்தப் பெண் இதைப் படிக்க வேண்டாம். ஏறினேன்.

கட்டுக்கம்பி விரலைக் கிழித்தது. பாதி அவிழ்த்திருந்தபோது பைக் சத்தம் கேட்டது. ராஜவேலு.

"டேய்! யாரு சொல்லி அவுக்கற?"

மஞ்சுளா பெயரைச் சொல்லலாம். அண்ணன் தம்பி பெயரைச் சொல்லலாம். செத்தவர் கனவில் வந்தார் என்றுகூடச் சொல்லலாம், அதை அவன் நம்புவான்.

"யாரும் சொல்லல. நான்தான்."

அவன் வண்டியை ஓரம் கட்டாமல் அப்படியே நின்றான். என்னைக் கீழே இழுத்துப் போடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். "நீயா?" என்றான். அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பதற்றத்தில் நான் மிச்சத்தைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று கிழிந்து சரிந்தது. அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். குழுவிலிருந்து என்னை அன்றே நீக்கிவிட்டான். மறுநாள் திரும்பச் சேர்த்தும் விட்டான். நான் இன்னும் அதற்குள் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் கவிதாவும் பரிமளாவும் இறங்கினார்கள். கவிதா வெறும் கழிகளைப் பார்த்தாள்.

"மாமா, அப்பாவுக்கு பேனர் வெக்கலியா? எல்லாரும் அவங்கவங்க அப்பாவுக்கு பெருசா வெப்பாங்க. வர்ற வழியெல்லாம் பாத்துக்கினே வந்தேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவளோ அப்பா முகத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். "வெச்சாங்கம்மா. நான்தான் அவுத்துட்டேன்" என்றேன்.

"ஏன் மாமா?"

"உங்க அம்மாவாலயும் உன்னாலயும்தான் அவரு செத்தாருன்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதியிருந்துது. அவரு அப்பிடி ஒரு நாளும் பேசுனதில்ல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கவிதா கேட்டாள், "போட்டோ நல்லா இருந்துதா?"

சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினேன். எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு முகத்தை வைத்திருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழிசல் அண்ணனின் தோளிலிருந்து காது வரைக்கும் போயிருந்தது.

"கிழிஞ்சிருக்குதே" என்றாள்.

கம்பி கிழித்தது, காற்று கிழித்தது, ராஜவேலு வந்து பதறவைத்தான். இப்படி எத்தனையோ வாயில் வந்து நின்றன. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது.

"நான்தாம்மா கிழிச்சேன். அவசரத்துல யோசிக்கல."

அவள் பந்தல்காரரிடம் கத்தி வாங்கி, கிழிசலோடு சேர்த்து அப்பா முகத்தை மட்டும் வெட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது சரியா என்றும் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் கெடுகிறது.

ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்குத் தைரியம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம் தங்கியிருப்பது அவருடைய அந்த ஒரு கேள்வியும், அதற்கு நான் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிற 'நான்தான்' என்ற பதிலும் மட்டுமே. அவரை மேலும் தெரிந்தவர்கள் என்னைத் திருத்தலாம். இதை எழுதச் சொன்னது யார் என்று ராஜவேலு கட்டாயம் கேட்பான். நாளைக் காலையே போன் செய்வான். மணி அடிக்கும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். எடுப்பேன்.